புல்லும் பன்னும்

மே 6

மாமனாரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்!

கொஞ்ச நாளாகவே கோணக்கொம்பிக்குத் திமிர். சாயங்காலம் மற்ற மாடுகள் மேய, இவள் மட்டும் வேலி ஓரம் போய் நிற்கிறாள். உடம்புக்கு ஏதாவது கோளாறோ என்று, தொழுவம் கழுவுவதைப் பாதியில் விட்டுவிட்டு இன்று பின்னாலேயே போனேன். மாமா ஒரு கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு மறு கையால் அவளுக்குப் பன் ஊட்டுகிறார். கோதுமை மாவில் செய்த பன்!

"மாமா, என்ன பண்றீங்க?"

"ஒரு துண்டுதாம்மா."

ஒரு துண்டாம்! மூன்று வருஷமாக ஒரு பிடி தானியம் இந்தத் தொழுவத்துக்குள் நுழைய விட்டிருப்பேனா? புல், காய்ந்த புல், தண்ணீர், உப்புக்கட்டி. நிலத்தில் உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. பால் பாதியாகக் குறைந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். எல்லாம் அந்த 'ஆர்கானிக், புல் மட்டும்' சான்றிதழுக்காக. அது வந்தால் சீஸ் கம்பெனி எங்கள் பால் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் ராத்திரி லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பார். அடுத்த வாரம் ஆய்வு. இப்போது பார்த்துப் பன்!

மே 7

காலையில் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். லாரி சாவியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீ வாயத் திறக்காத. மாடு போய்ச் சொல்லவா போகுது?" என்றார்.

சொன்னால் மூன்று வருஷமும் பாழ். சொல்லாவிட்டால்? பாக்கெட்டில் பச்சைப் பொய்யை ஒட்டி விற்க வேண்டும். யாரோ ஒருத்தி நம்பித் தன் பிள்ளைக்கு வாங்குவாள்.

மாமாவோடு பேச்சு கிடையாது. முடிவு செய்துவிட்டேன்.

மே 9

பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் டக்கென்று வைத்தேன்.

மே 12

நாளைக்கு ஆய்வு. சொல்லத்தான் போகிறேன். வீட்டில் என்ன ரகளை நடந்தாலும் சரி — சொல்வேனா?

மே 13

ஆய்வு முடிந்தது!

ஆய்வாளர் அம்மா ரப்பர் பூட்ஸோடு வந்தார். மேய்ச்சல் நிலம், தீவன அறை, மருந்து அலமாரி எதையும் விடவில்லை. தீவனத் தொட்டியின் மூலையில் கைவிட்டுத் துழாவி மோந்துகூடப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. வேற ஏதாவது சொல்லணுமா?"

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பின்னாலிருந்து மாமாவின் குரல்.

"அந்தக் கோணக்கொம்பிக்கு நான் பன் போட்டேம்மா. இவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கே மருமக நிறுத்திட்டா."

"எதுக்குப் போட்டீங்க?"

மாமா தலையைச் சொறிந்தார். "என் சம்சாரம் போனதுலேர்ந்து... நாலு மணிக்கு டீ குடிக்கறப்போ பக்கத்துல யாராவது மென்னுட்டு இருந்தாத் தேவலாம்போல இருக்கு."

ஐயோ. அத்தை போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்த நேரத்தில் நான் தொழுவத்தில் இருப்பேன், வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். எனக்கு ஏன் தோன்றவே இல்லை? தட்டை வேறு டக்கென்று வைத்தேனே, பாவி!

"மத்த மாடுங்களுக்கு?"

"அதுங்க கிட்டவே வராதுங்கம்மா. என்னைக் கண்டா ஆகாது."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை மட்டும் தனியாக் கறங்க. அதோட பால் கேன்ல கலக்கக் கூடாது. நீங்களாச் சொன்னதால இதோட போச்சு. மறைச்சு நான் கண்டுபிடிச்சிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

அப்பாடா! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வீட்டுக்காரர் அப்போதே தனி வாளி தேடக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 2

சான்றிதழ் வந்துவிட்டது. லாரி சாவியை முதலாளியிடமே கொடுத்தாகிவிட்டது. விடிய விடியக் காதோரம் குறட்டை. இதற்காகவா மூன்று வருஷம் தவம் கிடந்தேன்? ஆமாம்!

ஜூன் 5

கோணக்கொம்பியின் பால் இனி வீட்டுக்கு. சாயங்காலம் தொழுவம் கழுவுவது இனி வீட்டுக்காரர் பொறுப்பு. முனகிக்கொண்டே போனார்.

நாலு மணிக்கு இரண்டு டம்ளர் டீயோடு வேலி ஓரம் போனேன். மாமா நகர்ந்து இடம் விட்டார். பன்னைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார். நான் கொஞ்சம் சத்தமாகவே மென்றேன்.