மூன்றாவது வரிக்கு என் கையெழுத்து இல்லை

மாமன் மகளுக்கு,

இங்கே நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. உன் வக்கீல் அனுப்பிய உறையின் கனத்திலேயே தெரிந்துவிட்டது.

அது திங்கட்கிழமை கடை முகவரிக்கு வந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா பார்த்துவிடுவாள் என்று நினைத்தாயாக்கும். இப்போது எங்கள் கண்ணாடிக் கடையில் இருக்கிற நாலு பேரும் பார்த்துவிட்டார்கள். கண் சோதிக்கிற அக்கா வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்துவிட்டு, "விசா வந்திடுச்சா? எப்ப கிளம்புற?" என்று கேட்டாள். நான் லென்ஸ் தேய்க்கிற மெஷினைப் போட்டு அந்தச் சத்தத்தில் பதில் சொல்லாமல் தப்பித்தேன். அன்றைக்கு ஒரு வாத்தியாருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கமும் இடதை வலது பக்கமும் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் அவர் வந்து போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஒன்பது வருஷத்தில் நான் செய்த முதல் தப்பு.

உறைக்குள் உன் கையெழுத்தில் ஐந்து வரி இருந்தது. "நீங்க எனக்கு அண்ணன் மாதிரி, புரிஞ்சுப்பீங்க" என்று எழுதியிருக்கிறாய். பேசத் தெரிந்த நாளிலிருந்து அத்தான் என்று கூப்பிட்ட வாய் இது. சட்டப்படி புருஷன் ஆன பிறகு அண்ணன் முறை எங்கிருந்து வந்தது? ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி என்பார்கள். நீ கடந்து முடித்த பிறகல்லவா அண்ணன் என்கிறாய்! அண்ணன்தான் வேண்டுமென்றால் உன் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான், அவனுக்கு எழுது. கையெழுத்துப் போட மட்டும் நான் வேண்டுமா?

இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. நீ மறந்திருப்பாய், நானே சொல்கிறேன். நீ வேலைக்குக் கிளம்ப இருபது நாள் இருந்தது. கல்யாணத்தை உன் முதல் லீவில் வைத்துக்கொள்ளலாம், பதிவை மட்டும் இப்போதே முடித்துவிட்டால் எனக்கும் விசாவுக்கு எழுதிப் போடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். நம் ஆட்களுக்கு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கையெழுத்து ஒரு வருஷம், தாலி இன்னொரு வருஷம். நடுவில் இருக்கிற காலத்துக்கு என்ன பெயர் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் மாலை எங்கே என்று கேட்டார். மாமா அவசரமாக, "இது சும்மா பேப்பருக்கு சார், கல்யாணம் அப்புறம்தான்" என்றார். நீ வெளுத்துப்போன சுடிதாரில் இருந்தாய். நான் அரை நாள் லீவில் கடைச் சட்டையோடு வந்திருந்தேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது உன் அம்மா, "கல்யாணம் ஆயிடுச்சுன்னு யார்கிட்டயும் உளறிடாதீங்க" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அன்றைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

அதன்பிறகு நான் செய்த பைத்தியக்காரத்தனங்களை உனக்குச் சொன்னதில்லை. கடையில் புதிதாக ஒரு விவரப் படிவம் கொடுத்தார்கள். அதில் 'மணமானவர்' என்று எழுதினேன். முதலாளி நிமிர்ந்து பார்த்து, "எப்படா? சாப்பாடு கூடப் போடலையே" என்றார். உங்கள் நாட்டு மொழி தெரிந்தால்தான் விசா என்றார்கள். பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் நடக்கிற வகுப்புக்கு ஒரு வருஷம் போனேன். வாய்க்குள் கூழாங்கல் போட்டுப் பேசுகிற மாதிரியான மொழி. முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்ட அம்மா என் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். என் மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள், அவளுக்குக் குளிர் ஆகாது, காலையில் அவளை எழுப்புவது கஷ்டம் என்று நாலு நிமிஷம் நிறுத்தாமல் பேசினேன். அந்த அம்மா போதும் என்று கையைக் காட்டிச் சிரித்தார். தேறிவிட்டேன் என்று உனக்குப் போன் செய்தேன். டியூட்டியில் இருப்பதாகச் சொன்னாய்.

படித்த படிப்பு வீண் போகவில்லை, கவலைப்படாதே. உன் வக்கீல் கடிதத்தை யார் தயவும் இல்லாமல் நானே வாசித்தேன். பாடப்புத்தகத்துக்கு வெளியே அந்த மொழியில் நான் வாசித்த முதல் காகிதம் அதுதான்.

ஏழு வாரத்தில் நீ அந்த ஊர்க்காரனைப் பதிவுத் திருமணம் செய்ய நாள் வாங்கியிருக்கிறாய். அதற்கு அடுத்த வாரமே அங்கே தங்க உனக்குள்ள அனுமதி முடிகிறது. அதற்குள் திருமணம் பதிவாகாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். விவாகரத்து என்றால் ஆறு மாதம் ஆகும். அதனால் நம் திருமணமே செல்லாது என்று நான்கு வாரத்தில் தீர்ப்பு வாங்கிவிடலாம், இருவரும் ஒப்புக்கொண்டால் போதும் என்று வக்கீல் சொல்கிறார். அதில் மூன்றாவது வரி இது: கையெழுத்திட்ட நாளில் எங்கள் இருவருக்குமே மணந்துகொள்ளும் எண்ணம் இருக்கவில்லை, குடும்பத்தார் சொன்னதால் செய்தோம்.

உனக்கு எண்ணம் இருந்ததா இல்லையா என்பது உன் பாடு. என் எண்ணத்தைப் பற்றிச் சொல்ல உன் வக்கீல் யார்?

வியாழக்கிழமை மாமா கடைக்கே வந்தார். வாடிக்கையாளர் மாதிரி கல்லாவுக்கு முன்னால் நின்று ஒரு கண்ணாடி பிரேமை எடுத்து எடுத்து வைத்தார். "ஒரு கையெழுத்துதானேப்பா. தாலியா கட்டின?" என்றார். விசா வேண்டும்போது அந்தக் கையெழுத்து கல்யாணம். வேண்டாம் என்கிறபோது அது வெறும் பேப்பர். உங்கள் வீட்டு நாக்குக்கு நடுவில் எலும்பே கிடையாது போலிருக்கிறது. நான் அந்தப் பிரேமை வாங்கித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். என் அம்மாவும் தன் தம்பி பக்கம்தான் பேசுகிறாள். "போட்டுத் தொலைடா, உனக்கு வேற பொண்ணு கிடைக்காதா" என்கிறாள். ஊரில் எல்லோருக்கும் நான் இளைத்தவன்.

உன் ஆளின் படத்தை மாமா காட்டினார். அம்மா அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்துவிட்டாள். நீ வேலை பார்க்கிற இல்லத்தில் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் பழுது பார்க்கிறானாமே. அவனைத் திட்டுவதற்கு நானும் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. குடிகாரனாகவோ ஏமாற்றுக்காரனாகவோ இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். உன் வக்கீலின் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கூடவே இங்கே ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கிய விவாகரத்துச் சம்மதப் பத்திரம் இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சாட்சிகளும் போட்டாயிற்று. நீ போட வேண்டியதுதான் பாக்கி. ஆறு மாதம் ஆகும் என்று தெரியும். உன் நாள் தவறும், நீ பெட்டியைக் கட்ட நேரலாம் என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறேன். வயிற்றெரிச்சல் என்று மாமா சொல்வார். ஆமாம், எரிகிறது. உன்னைப் பிடித்து வைப்பதற்காக இல்லை. போகிறவளைப் பிடித்து வைக்க எனக்குத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று எழுதித் தரமாட்டேன்.

இதற்காக அழுது போன் செய்யாதே. நான் எடுக்கமாட்டேன். எடுத்தால் நீ சொன்ன இடத்தில் போட்டுவிடுவேன், அது எனக்கே தெரியும்.

குளிர்காலம் தொடங்குகிறது என்று வகுப்பு வாத்தியார் சொன்னார். காதை மூடிக்கொண்டு வெளியே போ. என்றைக்கானாலும் நெட்டையனோடு நீ பதிவுக்குப் போகிற அன்று ஒரு படிவம் தருவார்கள். இதற்கு முன் மணமானவரா என்று அதில் கேட்டிருக்கும். ஆம் என்று எழுது. வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
இன்றைய தேதியில் உன் கணவன்