ஹேவர்டில் வாங்க வேண்டிய மருந்து

மச்சான்,

சோறு குக்கர்ல இருக்கு. மீன் குழம்பை மட்டும் சூடு பண்ணிக்குங்க. நீங்க எழுந்து ஒரு வார்த்தை பேசுவீங்கன்னு கதவுகிட்ட நின்னு பார்த்தேன். வேலைக்கு நேரமாயிடுச்சு.

"கவர்மென்ட் கார்டு வாங்கவா அமெரிக்கா வந்தோம்?"னு நேத்து கத்தினீங்க. வேலை போய் வருமானம் இல்லாதவங்களுக்குத்தானே கலிபோர்னியா கவர்மென்ட்டோட இந்த 'மெடி-கால்' இன்சூரன்ஸே இருக்கு. நீங்க இன்சுலினைப் பாதியா குறைச்சுப் போடுறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?

கார்டு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. உங்க மருந்துச் சீட்டைப் பக்கத்து ஊர் ஹேவர்ட்ல இருக்கிற பார்மசிக்கு மாத்திட்டேன். நம்ம பள்ளிவாசல் ஆளுங்க யாரும் அங்க வர மாட்டாங்க. கார் சாவியை வெச்சுட்டுப் போறேன், எனக்கு பஸ் இருக்கு.

சபூரா

பி.கு: இன்சுலின் கைக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. பேச வேண்டாம். போன்ல உங்க பேரைப் பார்த்தா போதும் எனக்கு.