ஆடியில் பெய்யாத மழை

கூட்டாளி, நீ போய் மூன்று வருடமாகிறது. நேற்று உன் மகள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். திறந்ததும் சாயத் தண்ணீர் வாசம். பழசாகத் தெரியத் தேயிலைச் சாயத்தில் முக்கிக் காயவைத்த தாள் என்று என் மூக்கு சொன்னதை அவளிடமும் சொன்னேன்.

“நம்ம வீட்டுல எதுல பெரியப்பா தேயிலை வாசம் இல்ல?” என்று சிரித்தாள்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை வெட்டியதற்காகத் தூக்கிலிடப்பட்ட உன் தாத்தா சிறையில் எழுதிய நாட்குறிப்பாம். எங்கிருந்தோ வந்த ஆய்வாளர் ஒருவர் கண்டெடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை பதுளையில் புத்தகமாக வெளியிடுகிறார்கள். லயத்தில் மூத்தவன் என்று எனக்கும் மேடையில் இடம்.

படித்தேன். ‘ஆடி மாதம். மூன்று நாளாக அடைமழை. பெரட்டுக்கு ஆள் கூப்பிடவில்லை, வேலை இல்லை. துரை செத்த அன்று நான் லயத்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை.’

ஆடியில் நம் பக்கம் அடைமழையா? மலைக்கு அந்தப் பக்கம், அட்டனில் பெய்யும். இங்கே காற்றும் புழுதியும்தான். பீலியில் தண்ணீர் நூலாக வடிய, வாளியோடு நீயும் நானும் அடித்துக்கொண்டதெல்லாம் ஆடியில்தானே?

ஆய்வாளரிடமே கேட்டுவிடலாம் என்று அவளைப் போன் போடச் சொன்னேன்.

“ஐயா எத்தனையாம் வகுப்பு வரைக்கும் படிச்சீங்க?” என்றார் அவர்.

“அஞ்சு. ஆனா இந்த மலையில எழுபத்தாறு ஆடி பார்த்திருக்கேன். நீங்க எத்தனை பார்த்தீங்க?”

உன் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த மே தினக் கூட்டம் நினைவிருக்கிறதா? சங்கத் தலைவர் உன் தாத்தாவை ‘ஒரு பாவமும் அறியாத அப்பாவி’ என்றார். கூட்டத்தில் நின்றிருந்த நீ, மேடையேறி மைக்கைப் பிடுங்கினாய்.

“அப்பாவி இல்லீங்க. புள்ளத்தாச்சிய பெரட்டுக் களத்துல எட்டி உதைச்சான் தொரை. அந்த வயித்துல இருந்தது எங்கப்பா. தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால அவன வெட்டுனாரு எங்க தாத்தா. அத அவருகிட்டேருந்து புடுங்காதீங்க.”

திரும்பி வரும்போது நம்மோடு யாரும் நடக்கவில்லை. ‘கொலைகாரன் பேரன்’ என்று எவன் கூப்பிட்டாலும் “ஆமா, என்ன?” என்று நின்றவன் நீ.

அவள் அப்படி இல்லை. “எனக்கு வந்த மூணு சம்பந்தம் இந்தப் பேச்சாலதான் போச்சு, பெரியப்பா. பேரு இப்பயாவது சுத்தமாகட்டுமே. நீங்க வாயத் தொறக்காம இருந்தா போதும்.” கண் கலங்கியிருந்தது. சாகக் கிடந்தபோது அவளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாயே. இதற்கு என்ன செய்யச் சொல்கிறாய்?

“வாசலுக்கு வா புள்ள” என்றேன். காற்று கூரைத் தகரத்தைத் தூக்கி அடித்தது. புழுதி முகத்தில் அறைய, முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னைக்கு என்ன மாசம்?”

அவள் முந்தானைப் புழுதியை உதறினாள். நோட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். பாதி வழியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: “மேடையில ஒங்களுக்கு நாற்காலி இருக்காது.”

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன். உன் தாத்தாதான் வெட்டினார் என்று நீ சொன்னதை மட்டும் கொண்டுபோகிறேன். அன்று மைக்கைப் பிடுங்கியபோது உனக்கும் நாற்காலி இருக்கவில்லை.