திம்மராயண்ணா வாங்கிய மூன்று லாட்

1 ஜூன் 2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக சரோஜக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் பங்கு குரூப்பில் ஆறு பேர், ஆறு பேரும் வந்திருந்தோம். மித்ரவேல் தெர்மல் கம்பெனியின் வருட ரிசல்ட் வந்திருக்கிறது. காலை முழுக்க அதைப் பற்றியேதான் பேச்சு.

சூளகிரி ரோட்டில் ஒரே ஒரு ஷெட்டில் ஆரம்பித்த கம்பெனி. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி சூடேறாமல் இருக்க அடியில் ஒரு அலுமினியத் தட்டு வைப்பார்கள், அதைச் செய்கிறார்கள். லாபம் ஒரே வருடத்தில் ஒன்றரை மடங்கு. நாங்கள் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் வைத்திருக்கிறோம். இன்னும் வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

சரோஜக்கா ரிட்டயர்டு நர்ஸ். டெம்பரேச்சர் சார்ட் படிப்பது போலத்தான் எதையும் படிப்பார். "ஒரு ஷேருக்கு லாபம் அஞ்சரை ரூபா. விலை இருநூத்தி இருபது. நாப்பது வருஷ லாபத்த இன்னிக்கே குடுக்கறோமா கண்ணு? எனக்கு அறுபத்தி நாலு வயசாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டை எடுத்து விளக்கினேன். லாபம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பானால், இன்றைய நாற்பது மடங்கு நாலு வருடத்தில் பத்து மடங்காகிவிடும். விலை அதிகமில்லை, வளர்ச்சி நின்றால்தான் அதிகம்.

"நிக்குமா ரூபியம்மா?" என்று கேட்டார் திம்மராயண்ணா. பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போடுகிறவர். ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை இதில் போட்டிருக்கிறார்.

"இப்போதைக்கு நிக்காதுண்ணா."

"நீ தினம் அந்தத் தட்டக் கையில புடிச்சுப் பாக்கறவ. நீ சொன்னா சரி."

எங்கள் கம்பெனிதான் மித்ரவேலின் பெரிய வாடிக்கையாளர். உள்ளே வரும் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் நான் இன்சார்ஜ். அதை வைத்துத்தான் குரூப்பில் எனக்கு அந்த மரியாதை. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. எழுதி வைக்கிறேன், பிடித்திருந்தது.

9 ஜூன், திங்கள்

மித்ரவேல் சரக்கு வந்தது. தட்டுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால், ஓட்டை இருந்தால் குமிழி வரும். இருநூறில் முப்பத்தொன்றில் குமிழி. போன இரண்டு தடவையும் இப்படித்தான். ரிஜெக்ட் சீட்டு எழுதி எழுதிக் கை வலி.

12 ஜூன், வியாழன்

பர்ச்சேஸ் ஹெட் நல்லுசாமி சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "ஜூலைலேர்ந்து மித்ரவேலுக்கு ஆர்டர் கிடையாது. புனே பார்ட்டிக்கு மாத்தறோம். வெளிய மூச்சு விடக் கூடாது மேடம்."

அவர்கள் விற்பனையில் பாதி நாங்கள்தான். வளர்ச்சி நிற்காது என்று சொன்னேனே.

13 ஜூன்

ஆபீஸ் ரகசியம். யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

16 ஜூன், திங்கள்

விற்றுவிட்டேன். என்னிடமிருந்த மூன்று லாட்டும்.

டீ நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால், டூவீலர் ஸ்டாண்டில் நின்று போனில் போட்டேன். இருநூற்றுப் பதினாலு. இந்த மாதிரிச் சின்ன கம்பெனிப் பங்கை ஒன்றிரண்டாக விற்க முடியாது, சில நூறு பங்கு சேர்ந்த லாட்டாகத்தான்; ஒரு நாளைக்கு நாலைந்து லாட் கைமாறினாலே பெரிது. யாராவது வாங்குவார்களா என்று பயந்தேன். ஒரு நிமிடத்தில் போய்விட்டது. நிம்மதியாக இருந்தது. டீ குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது என்பது வரை ஞாபகம் இருக்கிறது.

வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. தெரிந்ததை வைத்து விற்கக் கூடாது என்பதும் அதே விதியில் அடுத்த வரி. அந்த வரியை நான் பார்க்கவில்லை. இல்லை — பார்த்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு குரூப்பில் திம்மராயண்ணாவின் குரல் மெசேஜ். பின்னால் தண்ணீர் மோட்டார் சத்தம். "மித்ரவேல் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. இன்னும் மூணு லாட் எடுத்துட்டேன், இருநூத்தி பதினாலுல. ரூபியம்மா போட்ட கணக்குதான்."

மூன்று லாட். இருநூற்றுப் பதினாலு.

டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். மற்ற நாலு பேரும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

17 ஜூன்

பார்த்தேன். நேற்று முழு நாளும் கைமாறியது மூன்றே லாட். மூன்றும் என்னுடையவை, காலை 11:20. சந்தேகப்படக் கூட இடமில்லை. வாங்குகிறவர் முகம் தெரியாது என்பதுதான் ஷேர் மார்க்கெட்டில் இருக்கும் ஒரே வசதி. எனக்கு அது கூட இல்லை.

22 ஜூன், ஞாயிறு

தலைவலி என்று சொல்லி சரோஜக்கா வீட்டுக்குப் போகவில்லை. பூசைக்கும் போகவில்லை. மகள் ப்ரீதா ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சளி என்றேன்.

2 ஜூலை, புதன்

மித்ரவேலே அறிவித்துவிட்டது. முக்கிய வாடிக்கையாளர் ஆர்டரை நிறுத்திவிட்டார் என்று. காலை ஒன்பதே காலுக்கே, ஒரு நாளில் இறங்க விடும் எல்லையான ஐந்து சதவீதம் கீழே போய்ப் பூட்டிக்கொண்டது. விற்க வரிசையில் எண்பது லாட். வாங்க ஒருவரும் இல்லை.

4 ஜூலை

இன்றும் பூட்டு. மூன்றாம் நாள்.

6 ஜூலை, ஞாயிறு

போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன். பார், அந்தக் காரணத்துக்குத்தான்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். சரோஜக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்காவது வயசாச்சு. நீ புள்ள படிப்புக்குன்னு வெச்சிருந்த. உனக்கும் போச்சே கண்ணு." டூல் ரூமில் வேலை செய்யும் அன்புமணி, "ஆபீஸ்ல இருந்தும் உங்களுக்கே தெரியாம பண்ணிட்டாங்க பாருங்க" என்றான். திம்மராயண்ணா எதிரே உட்கார்ந்திருந்தார். "அந்தம்மாவ ஏன் குடையறீங்க, உடுங்க" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். தலை ஆட்டினா பொய் இல்லையா? அவங்க எனக்காக வருத்தப்பட்டாங்க. எனக்காக! சரோஜக்கா வீட்டில் கொடுத்தனுப்பிய எலுமிச்சை சாதம் டப்பாவில் அப்படியே இருக்கு. வாயில வெக்க முடியல.

7 ஜூலை, திங்கள்

ரெக்ஸிடம் சொன்னேன். கட்டின புருஷன், அவராவது திட்டுவார் என்று. ஸ்கூலிலிருந்து வந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம பணம் இருக்கு?" என்றார்.

"இருக்கு."

"அப்பா… நல்லவேளை." நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"திம்மராயண்ணாதாங்க வாங்கியிருக்காரு."

"நீயா அவர் கையில திணிச்ச? நீ விக்கலன்னா வேற எவனாவது வித்திருப்பான்."

அது உண்மையே இல்லை. அன்று வேறு யாரும் விற்கவில்லை. ஆனால் அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவர் இன்று சொன்னதைத்தான் நான் அன்றைக்கு டூவீலர் ஸ்டாண்டில் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

10 ஜூலை

ஆல்டரில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். ஃபாதரிடம் சொல்வது சுலபம். அவர் ஒரு லாட்டும் வாங்கவில்லை.

12 ஜூலை, சனி

பாகலூர் போனேன். ஆபீஸ் லீவு. பையில் செக்.

பசுமைக்குடிலுக்குள் அவரும் அவர் மனைவி வெங்கடம்மாளும் ரோஜாவைக் கட்டுக் கட்டி அட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் வண்டி வரும் நேரம். "உக்காரும்மா, பத்து கட்டு இருக்கு" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஆர்டர் நிற்பது முன்னாடியே தெரியும் என்று, பதினாறாம் தேதி விற்றேன் என்று, மூன்று லாட் என்று.

அவர் கை நிற்கவில்லை. ஒரு கட்டை முடித்து ரப்பர் போட்டார்.

"எத்தன மணிக்கு?"

"பதினொன்னு இருபது."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துத் தேடினார். பார்த்ததும் மனைவியிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்தம்மா கட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அப்ப எங்கிட்ட இருக்கறது உன்னோடதா?"

செக்கை எடுத்து நீட்டினேன். "முழுத் தொகையும் போட்டிருக்கேண்ணா. நீங்க குடுத்தது அப்படியே."

"பேடாம்மா."

வெங்கடம்மாள் சத்தம் போட்டார். "ஏன் வேணாங்கற? அவங்க பண்ணதுக்கு நாம ஏன் நஷ்டப்படணும்? வாங்கு." அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை.

திம்மராயண்ணா என்னைத்தான் பார்த்தார். "இத வாங்கினா நான் வாய மூடிக்கணும். அதுக்குத்தான வந்த?"

இல்லை என்று சொல்ல வந்தேன். அது பொய்யாக இருந்திருக்கும். வண்டியில் வரும்போது, இது நம் இருவரோடு இருக்கட்டும் அண்ணா என்று எப்படிக் கேட்பது என்று வார்த்தைகளைக் கூட அடுக்கி வைத்திருந்தேன். அவர் எப்படிக் கண்டுபிடித்தார்?

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. எல்லாரும் வருவாங்க. அங்க சொல்லு. அப்பறம் பாக்கலாம்."

மறுபடி ரோஜாவை எடுத்துக்கொண்டார்.

13 ஜூலை, ஞாயிறு

சொன்னேன்.

நாலு வரி கூட இல்லை. எழுதிக்கொண்டு போன பேப்பரை எடுக்கவே இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எனக்கு ஒன்னும் போகல அக்கா" என்று ஆரம்பித்தேன்.

அன்புமணிதான் முதலில் எழுந்தான். "போன வாரம் தல ஆட்டுனீங்களே?" என்றான். அவனுக்கு அதுதான். விற்றது கூட இல்லை. "உங்க ஆபீஸுக்குத் தெரியுமா இது?" தெரியாது என்றேன். "சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

சரோஜக்கா எழுந்தார். உள்ளே போய்விட்டார். நான் வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது போன வார எலுமிச்சை சாத டப்பாவைக் கேட்டார். கொண்டுவரவில்லை என்றேன். "சரி, யார்கிட்டயாச்சும் குடுத்து அனுப்பிடு" என்றார். நீ கொண்டு வா என்று சொல்லவில்லை. கண்ணு என்றும் சொல்லவில்லை.

திம்மராயண்ணா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். கையை நீட்டினார். "இப்ப குடு." செக்கைக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மூணு லாட்டை என் பேருக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். "உன்னுது உங்கிட்ட இருக்கட்டும்."

மற்றவர்கள் பழைய விலையில் வாங்கியதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவர்களுக்கு விற்றது நான் இல்லை. ஆனால் எச்சரிக்காமல் இருந்ததும் நான்தான். அதற்கு எந்த செக் எழுதுவது?

16 ஜூலை

ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்லுசாமி சார் இரண்டு தடவை படித்தார். "நீங்களா மேடம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன்.

4 ஆகஸ்ட், திங்கள்

இரண்டு வார சஸ்பென்ஷன் முடிந்தது. இன்சார்ஜ் பதவி போனது. இனி டெஸ்பேட்ச்சில் பெட்டிக்கு லேபிள் சரிபார்க்கும் வேலை. கடிதம் சட்டப் பிரிவுக்குப் போயிருக்கிறது, அபராதம் வரலாம் என்றார்கள். வரட்டும். ரெக்ஸ் மூன்று வாரமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. தப்புப் பண்ணியதற்காக அல்ல, சொன்னதற்காக. ப்ரீதாவிடம் நானே எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்றாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

கோவிலில் சரோஜக்காவின் பக்கத்து வீட்டு ரூத் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். தெரிந்திருக்கிறது. எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் கடைசிப் பாட்டு வரை இருந்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

மித்ரவேலின் அரையாண்டு ரிசல்ட், நஷ்டம். விலை நாற்பத்தொன்று. மூன்று லாட் என் கணக்கில் சும்மா கிடக்கிறது.

பதினொரு மணி இருக்கும், வாசலில் திம்மராயண்ணாவின் மொபெட். நாலு மாதம் கழித்து. கையில் வேறு ஏதோ கம்பெனியின் ரிப்போர்ட், ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்தது. உள்ளே வரச் சொன்னேன். வந்தார். காபி வேண்டாம் என்றார்.

"வாங்கலாமா வேணாமான்னு கேக்க வரல. அத நீ சொல்லவே கூடாது. இந்தப் பக்கம் எனக்குப் புரியல. இத மட்டும் சொல்லிக்குடு."

காசு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் பக்கம். கம்பெனி காட்டும் லாபம் வேறு, கைக்கு வந்த காசு வேறு என்று அவர் ரோஜாவையே வைத்துச் சொன்னேன். பூவை ஏற்றி அனுப்பிவிட்டோம், பில்லும் போட்டுவிட்டோம், பெங்களூர்க்காரன் இன்னும் பணம் தரவில்லை, அப்போது லாபம் இருக்கும், கையில் காசு இருக்காது. "அட, நம்ம கதையா!" என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கம்பெனி பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் இருந்தார். கேட் வரை கூடப் போனேன். மொபெட்டை உதைத்துக்கொண்டே சொன்னார், "உங்கிட்ட வந்து படிச்சேன்னு குரூப்புல சொல்லிடுவேன். மறைக்க மாட்டேன்."

"சொல்லுங்கண்ணா" என்றேன்.