இரண்டு பிரதிகள்

மார்ச் 3

அக்கா கடைசிப் படப்பிடிப்பை முடித்துவிட்டு வந்தாள். கல் அரைக்கும் ஆலையில் நுரையீரலைப் பறிகொடுத்தவர்களைப் பற்றிய படம். அவள் எடுக்கிறாள், நான் தொகுக்கிறேன். பேட்டிகள் ஒவ்வொன்றும் மலை மாதிரிக் கோப்புகள். இணையத்தில் ஏற்றி வைக்கலாமென்றால் மாதக்கணக்கில் ஏறும். அதனால் எல்லாம் எஸ்.எஸ்.டி.யில்தான், சிப்பில் சேமிக்கும் சின்ன டிரைவ். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஒன்றில் வேலை, இன்னொன்றில் பிரதி. இரண்டிலும் சேர்ந்த பிறகுதான் கேமரா கார்டை அழித்து மறுபடி எடுத்துப் போவாள்.

மார்ச் 6

ஆலை மேஸ்திரியின் மனைவி போன் செய்தார். படத்தில் அதிகம் பேசியவர் மேஸ்திரிதான். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

"அவரு பேசுனது உங்ககிட்ட இருக்குல்ல? ஒரு தடவ கேக்கணும்மா."

"படம் முடியட்டும்மா, முதல்ல உங்களுக்குத்தான்" என்றாள் அக்கா.

மார்ச் 11

புதுக் காட்சிகளை ஏற்றும்போது டிரைவ் கொதித்தது. பிறகு திரையிலிருந்து மறைந்துவிட்டது. வேறு கேபிள், வேறு கணினி. ஒன்றும் இல்லை.

போனால் போகட்டும், பிரதி இருக்கிறதே.

மார்ச் 12

பிரதியைச் செருகினேன். கோப்புறைகளின் பெயர்கள் தெரிகின்றன. மேஸ்திரி, சமையல்காரர், லாரிக்காரர். எதுவும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெயர்களும் போய்விட்டன. அக்காகிட்ட எப்படிச் சொல்ல?

மார்ச் 13

சொன்னேன். "சரி" என்றாள். துணி காயப்போட மாடிக்குப் போனவள் ரொம்ப நேரம் இறங்கி வரவில்லை.

மார்ச் 20

தகவல் மீட்பவரிடம் போனோம். ஆள் நல்ல மாதிரி, சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டும் ஒரே மாடல், ஒண்ணா வாங்கினது. ஒரே வியாதி. பழைய சுத்துற டிஸ்க்னா கொஞ்சமாச்சும் சுரண்டி எடுக்கலாம். இதுல சிப் போனா போனதுதான்."

"நாங்க எதுவும் தப்பு பண்ணலியே" என்றாள் அக்கா.

"இல்லீங்க. எல்லாம் சரியாத்தான் பண்ணிருக்கீங்க."

அதைக் கேட்டபிறகுதான் அழுதாள்.

மார்ச் 28

திரும்ப எடுக்கலாமே என்றேன். வாய் தவறிச் சொன்னதுதான். "யார? அதுல பாதிப் பேர் உயிரோட இல்லடா. மிச்சப் பேருக்கு ஆக்சிஜன் மாஸ்க்கக் கழட்ட முடியாது."

ஏப்ரல் 9

மேஸ்திரியின் மனைவி வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல புடவை கட்டியிருந்தார். கணினிக்கு எதிரே நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

திட்டியிருந்தால் தேவலை. யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப எதுக்கும்மா அவர அவ்வளவு பேச வச்சீங்க? பேசிட்டு வந்து மூச்சு விட முடியாமக் கெடப்பாரு. 'இது இருக்கும்'னு சொல்லிச் சொல்லித்தான் மறுநாளும் போவாரு."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமலே போனார்.

ஏப்ரல் 10

—

ஜூன் 2

அக்காவுக்கு விளம்பர நிறுவனத்தில் வேலை. என்னையும் சேர்த்துவிட்டிருக்கிறாள். முதல் வேலை, ஒரு சோப்பு விளம்பரம். நனைந்த கூந்தலோடு ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், அவ்வளவுதான். எதை எடுத்தாலும் நாலு பிரதி என்பது இங்கே விதி. வேறு வேறு கம்பெனி டிரைவ்கள், ஒன்று வேறொரு கட்டிடத்தில்.

அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தாள். நாலிலும் அந்தப் பெண் சிரித்தாள். "எல்லாம் பத்திரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடப் போனாள்.