நான் பார்க்காத எட்டு முடிச்சு

உன் கயிற்றுப் பையை நேற்று உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். திறந்ததும் குகைச் சேறும் வௌவால் எச்சமும் குப்பென்று மூக்கில் ஏறின. வீடு திரும்பியதுமே முடிச்சுகளை அவிழ்த்து, கயிற்றை அலசிக் காயப்போடுகிறவன் நீ. இது அலசாத கயிறு. முனையில் நீ கட்டிய எட்டு வடிவ முடிச்சு அப்படியே இருக்கிறது.

பினாங்கு புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நமக்கு ஒரே ஷிப்ட். லீவு கிடைத்தால் ஈப்போ குகைகளுக்கு ஓடிவிடுவோம். கயிற்றை இரட்டையாக மடித்து, எட்டுப் போல வளைத்து நுழைத்து, அந்தக் கண்ணியைப் பாறைக் கொக்கியில் மாட்டி இறங்குவோம். ஒழுங்காகக் கட்டினால் எவ்வளவு பாரத்துக்கும் இறுகுமே தவிர உருவாது. ஒருவன் கட்டினால் மற்றவன் விரலால் தடவி, "பாத்துட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். வெறும் "சரி" உன்னிடம் செல்லாது.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துட்டேன்டா, இறங்கு லா!" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே இறங்குவாய்.

கடைசியாகக் குகைக்குப் போன அன்று நான் கைப்பேசியில் மூழ்கியிருந்தேன். தலை நிமிராமலே "பாத்துட்டேன்" என்றேன்.

"எங்கடா பாத்தே? போன்லயா தெரியுது என் முடிச்சு?"

அவ்வளவுதான். கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றிப் பையில் திணித்தாய். பினாங்கு வரும்வரை பேச்சே இல்லை. இடது கையை மடியில் போட்டுக்கொண்டு ஒரே கையால் கார் ஓட்டினாய். ரொம்பத்தான் முறுக்கிக்கொள்கிறான் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் கேன்டீனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சரிந்தபோது, நான் வேறு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் நீ எழுந்திருக்கவே இல்லை.

"குகைக்குப் போன அன்னைக்கே இடது கை மரத்துப்போச்சுன்னாருண்ணே. உங்ககிட்ட சொல்லலையா?" என்று நேற்று பையைக் கொடுக்கும்போது கேட்டார் உன் மனைவி.

அவர் போனபின் முடிச்சைப் பார்த்தேன். இறுக்கவே இல்லை. ஒரு சாண் விடவேண்டிய முனை மூன்று விரல்கூட இல்லை. இத்தனை வருடத்தில் நீ இப்படிக் கட்டியதே கிடையாது. அன்றே பார்த்திருந்தால், "கைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டிருப்பேன். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருப்பேன். பாவி, பார்க்கவில்லையே!

இன்று வேலையில் பக்கத்து மெஷின்காரர் கையை உதறினார். "ஒன்னும் இல்ல லா" என்றார். நான் விடவில்லை. கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

உன் முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாத்துட்டேன்டா.