சாய்ந்த தலைக்குத் தொண்ணூறு டிகிரி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம்தான், அவர் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, போர்வையை உதைத்துத் தள்ளாமல் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது. உன் அக்கா போன வாரம் வந்து போனாள், அவள் மகள் நான் முடிவெட்டிப் பழகுவதைப் பார்த்துவிட்டுத் தன் பொம்மைகளுக்கெல்லாம் மொட்டை அடித்துவிட்டாளாம், அந்தப் பழியும் என் தலையில்தான். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, வைக்கிறேன்" என்பாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசிவரை படி.

அழகுக்கலைப் பள்ளியில் முடிவெட்டும் தேர்வில் நான் தோற்றது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், பேசாம வீட்ல இரு" என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், ஆனாலும் சுருக்கென்றது. நான் வேலை பார்த்த தையல் கடையை மூடிய பிறகு வீட்டில் பேசாமல் இருந்து பார்த்தவள்தானே நான், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்திருப்பேன். மறுதேர்விலும் தோற்றால் பள்ளியில் பெயரை எடுத்துவிடுவார்கள், நம் தெருமுனை பார்லர்காரி எனக்காக விட்டு வைத்திருந்த நாற்காலியும் போய்விடும் என்ற நிலை. அந்தப் பயம் எனக்குத்தான் தெரியும். தோற்றது எதனால் என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். முடியைக் கொத்தாக விரலிடுக்கில் பிடித்து, தலையிலிருந்து எத்தனை டிகிரி தூக்கி வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தூக்காமல் வெட்டினால் நுனியெல்லாம் ஒரே கோடாக நிற்கும், நாற்பத்தைந்தில் தூக்கினால் அடியில் கனமாகக் குவியும், தொண்ணூறு என்றால் அடுக்கடுக்காக இறங்கும், தேர்வில் கேட்டது அதுதான். எங்கள் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரே தொண்ணூறு மேடம், உன் அக்கா வயதுதான் இருக்கும், கையில் எப்போதும் பள்ளிக்கூடத்துப் பாகைமானி ஒன்று வைத்திருப்பார். நானோ தட்டையான மேசையில் துணியைப் பரப்பி வெட்டிய ஆள். அதே பழக்கத்தில் எல்லாக் கொத்தையும் தரைக்குச் சமமாக நீட்டிப் பிடித்தேன். காதுக்கு மேலே அது சரி. உச்சியில் தொண்ணூறு என்றால் முடி கூரையைப் பார்க்க வேண்டும், நான் அங்கேயும் அதைப் பின்பக்கச் சுவரைப் பார்க்க வைத்தேன். பொம்மைத் தலை தொப்பி மாட்டியது போல ஆகிவிட்டது. மேடம் திட்டவில்லை, "தலை உருண்டைங்க, தரைய பாக்காதீங்க, தலைய பாருங்க" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது, என் கைக்குத்தான் புரியவில்லை.

மறுதேர்வுக்குப் பொம்மை கிடையாது, உயிருள்ள தலை வேண்டும் என்றார்கள். உன் அப்பா தன் தலையைக் கொடுத்தார். அவருடைய ஆபீஸில் "என்ன சார், பாட்டுக் கச்சேரிக்குப் போகப் போறீங்களா" என்று கிண்டல் செய்தும் மனிதர் கத்தரி படாமல் முடி வளர்த்தார். ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு, தலையில் சீப்பு பட்டால் போதும், தூங்கிவிடுவார். வீட்டில் பழகும்போதெல்லாம் முகவாயைப் பிடித்து நிமிர்த்துவதும் கத்துவதுமே என் வேலையாக இருந்தது. தேர்வன்று கெட்டியாகக் காபி கொடுத்து, தூங்கினால் ராத்திரி சமையல் உங்களுடையது என்று மிரட்டித்தான் கூட்டிப்போனேன். வரிசையாகக் கண்ணாடிகள், பக்கத்து நாற்காலிகளில் சின்னப் பெண்கள், யார் கத்தரியைப் பார்த்தாலும் என்னுடையதைவிட வேகமாக ஓடியது. நான் பின்னந்தலைக்கு வந்த நேரம், மனிதர் கவிழ்ந்துவிட்டார். முகவாய் நெஞ்சைத் தொட்டுவிட்டது, குறட்டை வேறு. தேர்வு நடக்கும்போது பேசக்கூடாது, கத்தாமல் அவரை எழுப்பவும் வழியில்லை. அவ்வளவுதான், நாற்காலி போச்சு என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன். பின்னால் மேடம் வந்து நின்றார், பாகைமானியை உன் அப்பா தலையில் வைத்துப் பார்த்தார், இன்னொரு இடத்திலும் வைத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அவர் தலை சாஞ்சதும் உங்க கை தானா மேல ஏறிச்சு, பாத்தீங்களா? சாரை எழுப்பாதீங்க, அப்படியே முடிங்க" என்றார். நான் கவனிக்கவே இல்லையடா. தரையை மறந்து என் கை தலையோடு போயிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தோளில் கிடந்த துண்டால் துடைத்தால் அதில் இருந்த முடியெல்லாம் கண்ணுக்குள். முடித்து, துணியை உதறியதும் உன் அப்பா விழித்துக்கொண்டு, "என்ன, ஆரம்பிக்கலாமா?" என்றார். அந்த அறையே சிரித்தது.

ஆக, தேறிவிட்டேன். திங்கட்கிழமை முதல் தெருமுனையில் எனக்கு ஒரு நாற்காலி. உனக்கு முதலில் சொல்லவேண்டும் என்றுதான் அக்காவிடம்கூட இன்னும் மூச்சு விடவில்லை. நீ வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, மழையில் வண்டியை மெதுவாக ஓட்டு. நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நீ நன்றாக இருக்கவேண்டும், எனக்கு வேறென்ன வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, விடுமுறைக்கு வரும்போது அங்கே முடி வெட்டிக்கொண்டு வராதே. உன் இரட்டைச் சுழியை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நாற்காலியில் நீ தூங்கினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா